தெரியாத நம்பர்

“திருடி! படிச்ச திருடி!” என்று கைப்பேசியைப் பாயின்மேல் எறிந்தார் வேல்முருகன்.

பிள்ளையார்பாளையத்தில் அந்தச் சந்து முழுவதற்கும் கேட்டிருக்கும். தறியில் அமர்ந்திருந்த அவர் மனைவி ரேணுகாம்பாள் இழையோட்டும் நாடாவை நிறுத்திவிட்டு ஏறிட்டுப் பார்த்தாள்.

“இன்னாங்க, இப்பவும் எடுக்கலையா?”

“எப்டி எடுப்பா? சாதா சரிகைக்கு ஆர்டர் குடுத்தவளுக்கு அசல் சரிகைப் புடவை போய்ச் சேர்ந்துக்குது. பிரிச்சுப் பாத்திருப்பா, பீரோவுல வெச்சுப் பூட்டியிருப்பா. இனிமே போனை எடுக்க அவளுக்கு இன்னா பைத்தியமா?”

நடந்தது இதுதான். இரண்டும் அரக்கு நிறப் புடவைகள், கரையும் ஒன்றே. அசல் சரிகை, செங்கல்பட்டுக் கல்யாண வீட்டார் சொல்லி நெய்த கூறைப்புடவை. சாதா சரிகை, திருச்சியில் சுகாசினி என்னும் ஆசிரியை வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தது. கூறைப்புடவையின் மூலையில் மஞ்சள் தடவி, காமாட்சி படத்தின்முன் வைத்துக் கொடுப்பது அந்த வீட்டு வழக்கம். அன்றைக்கு வேல்முருகன் தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு யாருடனோ பேசியபடியே மஞ்சளைச் சாதாவின் மூலையில் தடவிவிட்டார். மஞ்சள் இல்லாததைத் திருச்சிக்குக் கட்டி அனுப்பிவிட்டாள் ரேணுகாம்பாள். இன்று காலை குஞ்சம் முடிவதற்காகப் பிரித்தபோதுதான் விபரீதம் விளங்கிற்று.

செங்கல்பட்டார் நாளைக் காலையில் புடவை வாங்க வருகிறார்கள். மறுநாள் முகூர்த்தம்.

“உன்னைச் சொல்லணும். கட்டறதுக்கு முன்னாடி சரிகையைத் தொட்டுப் பாக்க வேணா?”

“மஞ்சள் தடவன கைக்குத் தெரியலையாம், பொட்டலம் கட்டன கைக்குத் தெரியணுமாம்!”

வேல்முருகன் பேச்சை மாற்றினார். “சரி சரி, தண்ணி கொண்டா.”

ரேணுகாம்பாள் எழுந்தாள். தறிக்கும் அடுக்களைக்கும் நடுவே, கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது போன வாரம் வந்திறங்கிய ஏர்கூலர். உடம்பை ஒருக்களித்துத்தான் அதைக் கடக்க வேண்டும். மூலைக்கு அடக்கமாகச் சின்னதாய் ஒன்று வாங்குவதாகத்தான் பேச்சு. வந்ததைப் பார்த்து அவள் மலைத்தபோது, “ஆஃபர்ல பெரிசா குடுத்துட்டான்” என்று சொல்லிவிட்டார். இப்போதும் அவள் முழங்கால் அதில் இடித்தது.

“இதை அந்தப் பக்கம் திருப்பித் தொலைங்க. காத்துல இழையெல்லாம் பறக்குது.”

“மனுசன் வயிறு எரிஞ்சிக்கினு இருக்கறான். உனக்கு இழை பெரிசாப் போச்சா?”

போன் ஒலித்தது. பாய்ந்து எடுத்தவர், எண்ணைப் பார்த்ததும் முகம் சுளித்து வெட்டிவிட்டார்.

“யாருங்க?”

“லோன் வேணுமான்னு கேக்கறவனுங்க. ஒரு வாரமா உயிரை எடுக்கறானுங்க.”

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, சுகாசினிக்கு வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்பினார்.

“யம்மா, நீ பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கறவ. அனுப்பனவன் ஏமாந்துட்டான்னா, வாங்கனவங்களுக்குப் புத்தி எங்க போச்சு? அடுத்தவங்க பொருள்னு தெரிஞ்சும் வெச்சிக்கினா அதுக்குப் பேரு திருட்டுமா. காமாட்சி பாத்துக்கினுதான் இருக்கா!”

“போதுங்க. அந்தம்மாவுக்கு இன்னா தலைவலியோ.”

“நீ ஒருத்தி, ஊருக்கெல்லாம் வக்கீலு!”

மதியச் சாப்பாட்டு வேளையில் சுகாசினியின் பெயர் திரையில் மின்னியது. வேல்முருகன் ஸ்பீக்கரைப் போட்டார், மனைவியும் கேட்டுக்கொள்ளட்டும் என்று.

“மன்னிச்சுக்கங்க. பரீட்சை டூட்டி, போனை ஆபீஸ்ல வாங்கி வச்சுருவாங்க. இப்பத்தான் நீங்க பேசி அனுப்பினதைக் கேட்டேன்.” அந்தக் குரலில் கோபமே இல்லை. “மடிப்பைப் பிரிச்சதுமே தெரிஞ்சுபோச்சு, இது நான் கேட்டது இல்லைன்னு. யாரோ முகூர்த்தத்துக்குச் சொன்னதா இருக்குமேன்னு பதறிட்டேன். என் தம்பி கமல் உங்க ஊருக்குப் பக்கத்துல, ஒரகடத்துலதான் வேலை பாக்குறான். லீவுக்கு இங்க வந்திருந்தான், நேத்து ராத்திரி கிளம்பறப்ப அவன்கிட்ட குடுத்தனுப்பிட்டேன். சாயங்காலம் உங்க வீட்டுக்கே கொண்டாந்துருவான்.”

வேல்முருகன் குரலைத் தணித்துக்கொண்டார். “ஒரு... ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...”

“என் போன்ல நேத்து ரீசார்ஜ் தீந்துருச்சு. வீட்டுக்காரர் போன்லேர்ந்து நாலு தடவை கூப்பிட்டேங்க. நாலு தடவையும் கட் பண்ணிட்டீங்க.”

“அது... தெரியாத நம்பரா இருந்துச்சும்மா.”

அழைப்பு முடிந்ததும் இரு கைகளையும் தலைக்குமேல் கூப்பினார். “தங்கமான பொம்பளை! இந்தக் காலத்துல இப்படி ஒரு நேர்மையா!”

“காலையில திருடின்னு சொன்ன வாயி!” ரேணுகாம்பாளின் பொறுமை எல்லை கடந்தது. “லோன்காரனுக்கு பயந்துக்கினு எல்லா நம்பரையும் வெட்டுவீங்களா? நேத்தே எடுத்திருந்தா இந்தப் பாடு உண்டா?”

மறுபடியும் போன் ஒலித்தது. வேல்முருகனின் கை நீள்வதற்குள் அவள் கை முந்திக்கொண்டது.

“குடுடீ! அது லோன்காரன்!”

“இருக்கட்டும். நானே பேசி அனுப்பறேன்.”

ஸ்பீக்கரில் ஓர் இளம்பெண்ணின் குரல், அழுகைக்குச் சற்று முன்னால் நின்றுகொண்டு பேசிற்று.

“சார், தயவுசெஞ்சு கட் பண்ணாதீங்க. கூலர் கடையில பேக்கிங்லேர்ந்து பேசுறேன். சின்ன கூலர் கேட்ட உங்களுக்குப் பெரிசை மாத்தி அனுப்பிட்டேன். தப்பு என்னோடதுதான் சார். ஒரு வாரமாக் கூப்பிடுறேன், எடுக்கவே மாட்டேங்கறீங்க... ஊர்ல இல்லீங்களா சார்?”

ரேணுகாம்பாள் கணவரைப் பார்த்தாள்.

“இருக்காரும்மா” என்றாள். “கூலர் முன்னாடிதான் உக்காந்துக்கினு இருக்காரு. இரு, குடுக்கறேன்.”