எட்டாயிரம் கிலோமீட்டர்

"பதினாலு மணி நேரமா? அதுக்குக் குறைச்சு வரவே முடியாதாடா?"

போனில் அக்காவின் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் தெளிவாகக் கேட்டது. தம்பிக்காரன் குட்டி போட்ட பூனையாக அறைக்குள் நடந்துகொண்டிருந்தான்.

"நேர் விமானம் கிடையாதுக்கா. நடுவுல ஒரு ஊர்ல இறங்கி மாறணும்."

"டாக்டர் சாயங்காலத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணியாகணும்ங்கறார். அப்பா கையெழுத்தே போட மாட்டேங்கறார். உன் முகத்தைப் பார்த்தாத்தான் போடுவாராம். மாமாவும் கெஞ்சிப் பார்த்துட்டார்."

அப்பாவை எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று நேற்று அக்கா சொன்னாள். அதிலிருந்து அவனுக்குச் சாப்பாடும் இறங்கவில்லை, இருப்பும் கொள்ளவில்லை.

"நீ எடுத்துச் சொல்லுக்கா. நீ சொன்னா கேட்பார்."

"கேட்டுக் கிழிச்சார்! பிடிச்ச பிடியை என்னிக்கு விட்டிருக்கார்?" அக்கா அழுதபடியே போனை வைத்துவிட்டாள்.

கட்டிலில் சாய்ந்திருந்த அறைத்தோழன் அவனை முறைத்தான். இரண்டு ஊருக்கும் நடுவில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று செல்போனில் தேடிக் கொடுத்தவன் அவன்தான்.

"எட்டாயிரம் கிலோமீட்டர்னு பார்த்துச் சொன்னேன். அதை நீ இந்த ரூமுக்குள்ளயே நடந்து முடிச்சிடுவ போலிருக்கே! போறதுன்னா கிளம்பு. இல்லேன்னா ஒரு இடத்துல உட்காரு."

"எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் போறது? எனக்கு வேலை போனதே அவருக்குத் தெரியாது. என் பிள்ளை வெளிநாட்டுல பெரிய கம்பெனியிலன்னு பார்க்கிறவங்ககிட்டெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கார்."

"அவர் உயிர் பெருசா, உன் கௌரவம் பெருசா?"

அவன் பதில் சொல்வதற்குள் போன் மறுபடி அடித்தது. இந்த முறை அப்பாவே பேசினார்.

"நீ இருக்கிற இடம் எவ்வளவு தூரம்டா?"

"எட்டாயிரம் கிலோமீட்டர்ப்பா."

"அடேயப்பா! அவ்வளவா?" அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. "பரவாயில்ல, மெதுவா வா. நான் எங்கேயும் போயிட மாட்டேன்."

அவன் போனை வைத்தான். அதற்குள் இந்த மனிதர் போய்விட்டால்? வெட்கமாவது மண்ணாவது! செருப்பைக்கூட மாட்டாமல் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி ஓடினான்.

ஐந்தே நிமிடத்தில் அப்பாவின் கட்டிலருகே மூச்சிரைக்க வந்து நின்றவனைப் பார்த்து, அக்கா திறந்த வாயை மூடவில்லை. மாமா கடிகாரத்தைப் பார்த்தார். அப்பா மட்டும் அலட்டிக்கொள்ளாமல் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"நேத்து என்னை இந்த ஜன்னலோரம் படுக்க வெச்சதுலேர்ந்து பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன், எதிர் மாடியில நீ குறுக்கும் நெடுக்கும் நடக்கிறதை. ஒரு ரோட்டைத் தாண்டி வர்றதுக்காடா இவ்வளவு நேரம்?"