இரைச்சல் வராத பெட்டி

போடிக்கு மேலே, ஏலத்தோட்டத்து வீட்டில் சஜ்ஜாத் தனியாக இருக்கிறான். கிட்டாருக்காக ஜோசப் கடையில் ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கினான். வாசித்து நிறுத்தியதும் அதிலிருந்து ஒரு பெண் குரல், "சாப்பிட்டீங்களா?" என்றது. இரைச்சல் வருகிறதென்று சொல்லி மாற்றினான். இரண்டாவதும் கேட்டது. மூன்றாவதும் அதே குரலில் கேட்டது.

நான்காவது சுத்தமாக இருந்தது. வாசித்து முடித்தான்; மழைச் சத்தம் மட்டும் கேட்டது. சோறு வடித்துத் தட்டில் போட்டுக்கொண்டு பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தான். சோறு ஆறிப்போனது.

காலையில் லோடு ஜீப்பில் போடிக்கு இறங்கி, முதல் பெட்டியையே திரும்பக் கேட்டான்.

"அதுல எரைச்சல் வருதுன்னீங்களே தம்பி?" என்றார் ஜோசப்.

"இருக்கட்டும்ணே, வெரசா குடுங்க. நேத்துலருந்து நான் சாப்பிடல."