இடுப்பளவுத் தண்ணீரில்

“அந்த ஆளு வெளிய போனாத்தான் நான் உள்ள வருவேன்.”

பதினெட்டு வருஷம் கழித்து வீட்டு வாசலில் வந்து நின்ற தருமன் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

உள்ளே வலைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த அவன் அப்பா நீலமேகம், மகனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். மகன் மேல் பட்டுவிடாமல் ஒதுங்கி வெளியே போனார்.

வாசலில் கோட்டைக்குப்பமே கூடியிருந்தது. எதிர்வீட்டு முனியம்மா முணுமுணுத்தாள்.

“திமிரப் பாரு! பெத்த அப்பன யாராவது இப்படித் தொரத்துவாங்களா?”

அன்றைய பஞ்சத்தில், டச்சு வியாபாரிகளான ஒல்லாந்துக்காரர்களின் கப்பலில் அடிமையாக ஏற்றப்பட்ட பிள்ளைகளில், ஊர் திரும்பியவன் தருமன் ஒருவன்தான். போகும்போது ஏழு வயசு. கடல் தாண்டி, ஒல்லாந்துக்காரர்கள் ஆண்ட பத்தாவியாவில் அவனுடைய எஜமானன் சாகும்போது விடுதலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். இப்போது தருமன் கப்பலில் கூலிக்கு வேலை செய்கிறான். அந்தக் கப்பல் பழவேற்காட்டில் இரண்டே நாள்தான் நிற்கும்.

அந்த இரண்டு நாளும் நீலமேகம் வீட்டுப் பக்கம் வரவில்லை. படகிலேயே கிடந்தார்.

அம்மா எல்லம்மா மடவை மீன் குழம்பு வைத்தாள். மகன் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவே பயந்தவள் மாதிரி இருந்தாள். புறப்படும் நேரம் வந்தபோதுதான் மெதுவாகக் கேட்டாள்.

“ஒரே ஒரு வாட்டி அவராண்ட பேசிட்டுப் போயேன் கண்ணு.”

“அந்த ஆளு செத்தாக்கூட நான் கொள்ளி வெக்க மாட்டேம்மா.”

“அவரு உன்னை இன்னாடா பண்ணாரு?”

தருமன் கசப்பாகச் சிரித்தான்.

“உனக்கு எங்க தெரியப்போவுது. அன்னிக்குக் கரையில மட்டி பொறுக்கினு இருந்தேன். ஆள் புடிக்கிற தரகன் வந்து, ‘கோட்டையில கஞ்சி ஊத்துறாங்க, வாடா’ன்னு இட்டுனு போனான். போனா, கையக் கட்டிப் படகுல தூக்கிப் போட்டுட்டாங்க. படகு கிளம்பினப்புறம் இந்த ஆளு ஓடியாந்தாரு. இடுப்பளவு தண்ணில எறங்கி நின்னாரு. காப்பாத்தத்தான் வந்துட்டாருன்னு நெனச்சேன். ‘நைனா, என்னை வித்துட்டாங்களா?’ன்னு கத்தினேன். ‘ஆமாண்டா, நான்தான் வித்தேன்! உங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது!’ன்னு அங்கேர்ந்தே கத்தறாரும்மா!”

எல்லம்மா சட்டென்று நிமிர்ந்தாள்.

“அவரா... அப்படியா சொன்னாரு?”

“என் காதால கேட்டேன். ஒவ்வொரு ராத்திரியும் அவரைத் திட்டிட்டுதான் படுப்பேன். அப்புறம் உன்னை நெனச்சுப்பேன். எங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தா உட்டிருப்பாளான்னு. அந்த நெனப்புலதாம்மா உசுரோட கெடந்தேன்.”

எல்லம்மா தரையைப் பார்த்தபடி பேசினாள்.

“தரகன் வந்தப்ப உங்க நைனா ஊர்லயே இல்லடா. மீன் தேடி கடலுக்குப் போய் ரெண்டு நாளு ஆச்சு. தரகனுக்கு உன்னைக் கை காட்டினவ நான்.”

தருமன் அவளையே பார்த்தான்.

“ஒரு மரக்கா அரிசி குடுத்தான். உன் தங்கச்சி பொன்னி என் மாருல பாலில்லாம சுருண்டு கெடந்தா. நீ எங்கயாச்சும் போய் சோறு தின்னு பொழச்சுப்ப, இவளும் பொழச்சுப்பான்னு நெனச்சேன். ஒரு வாரத்துல அவளும் போயிட்டா.”

புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

“அவரு கரைக்கு வந்து, புள்ள எங்கன்னு கேட்டாரு. சொன்னேன். ஓடினாரு. நனைஞ்சுகினு தனியா திரும்பி வந்தாரு. ‘படகு போயிடுச்சு’ன்னாரு, அவ்ளோதான். இன்னி வரைக்கும் என்னை ஒரு வார்த்தை ஏசினது இல்ல. நீ எல்லாம் தெரிஞ்சுதான், என்னை மன்னிச்சுட்டுதான் வந்துகீறன்னு நெனச்சேனேடா, பாவி நான்!”

தருமன் எழுந்தான். கரையைப் பார்த்து ஓடினான்.

முகத்துவாரத்தில் கப்பலுக்குப் போகிற படகு தயாராக நின்றது. மாலுமிகள் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நீலமேகம் யார் கண்ணிலும் படாத மாதிரி ஒரு ஓரமாக நின்று அந்தப் படகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நைனா...”

கிழவரின் தோள் குலுங்கியது. திரும்பவில்லை.

“ஏன் நைனா அன்னிக்கு அப்படிப் பொய் சொன்னே?”

நீலமேகம் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்.

“எட்டிப் புடிக்க முடியாத தூரத்துக்குப் படகு போயிடுச்சுடா. போற எடத்துல அடி விழுந்தா, ‘அம்மா’ன்னு கத்துறதுக்கு உனக்கு ஒருத்தியாவது இருக்க வேணாமா?”