இன்னும் ஒரு வாய்

பகல் ஷிஃப்டுக்குப் போகும் நர்ஸ், தன் குழந்தைக்குத் தானே ஊட்டுவதுபோல் ஒரு வீடியோ எடுத்துப் பழைய போனில் போட்டு வைத்திருந்தாள். "ஆ காட்டு தங்கம், இன்னும் ஒரு வாய்" என்று அதில் அவள் கொஞ்சினால்தான் குழந்தைக்குச் சோறு இறங்கும். கணவன் அப்படியே ஊட்டிப் பழக்கிவிட்டான்.

போனைக் காட்டி ஊட்டுவதற்காகக் குழந்தைகள் டாக்டர் கண்டபடி திட்டிய பிறகு, நர்ஸ் நீண்ட விடுப்பு எடுத்தாள். வீடியோவை அழித்தாள். போனை அணைத்து, பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் மதியம் அவளே கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். குழந்தை வாயை இறுக மூடிக்கொண்டது.

"நான்தான்டா அம்மா. அந்த அம்மா போயாச்சு."

"விடு, பசிச்சா தானா வாயைத் திறப்பான்" என்றான் கணவன்.

குழந்தை அவளைத் தாண்டி பீரோவைப் பார்த்தது. யாரோ கூப்பிட்டதுபோல் சிரித்தது. வாயை ஆவென்று திறந்தது, மென்றது, விழுங்கியது.

"பாத்தியா, சாப்பிட்டுட்டானே!"

நர்ஸ் குனிந்து பார்த்தாள். கையிலிருந்த ஸ்பூனில் சோறு அள்ளியது அள்ளியபடியே இருந்தது.

குழந்தையின் கடைவாயில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது.