நனையாத மெத்தை

இரவுப் பணி முடிந்து பேருந்து ஓட்டுநர் இன்றைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வீட்டுக்குள் நுழைகிறார். சன்னலில் அப்போதுதான் வெளுக்கிறது. உள்ளறையில் கைக்குழந்தையோடு மனைவி தூங்குகிறாள். அவர் மகளின் மெத்தையைத் தடவிப் பார்க்கிறார். காய்ந்திருக்கிறது. திட்டாமல் தட்டிக்கொடுத்தால் சரியாகிவிடும் என்று ஆரம்பித்தவர் அவர்தான். மெத்தை நனையாத நாளுக்கு ஒரு தங்க நட்சத்திரம். சுவர்க் காலண்டரில் வரிசையாக ஐந்து மினுங்குகின்றன. ஆறாவதை உரித்து விரல் நுனியில் எடுத்தவருக்குச் சட்டென்று உறைக்கிறது: விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. தலையணையைக் காணோம். மகளையும் காணோம். குளியலறைக் குழாய் சொட்டுகிறது. கதவைத் தள்ளுகிறார். வாளிக்கும் சுவருக்கும் நடுவில், வெறுந்தரையில், தலையணையைக் கட்டிக்கொண்டு ஏழு வயது உடம்பு சுருண்டு கிடக்கிறது. பாவாடை தொப்பலாக நனைந்திருக்கிறது. பாதத்தைத் தொட்டால் ஐஸ். "ஐயோ, இங்க ஏம்மா படுத்திருக்க?" அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு சிரிக்கிறாள். "மெத்தை நனையவே இல்லல்லப்பா? ஸ்டார் ஒட்டிட்டியா?" நட்சத்திரம் அவர் விரலிலேயே இருக்கிறது. "எத்தனை நாளா கண்ணு?" பெருமையாக ஒரு கையை முழுசாக விரித்துக் காட்டுகிறாள்; கொஞ்சம் யோசித்து, அடுத்த கையிலிருந்து இன்னொரு விரலையும் சேர்த்துக்கொள்கிறாள்.