நானூறு மில்லி

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்த நர்ஸ் ஜாஸ்லின், கையிலிருந்த பிளாஸ்டிக் ஜாடியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள்.

"நானூறு மில்லி சார். இன்னும் வந்துகிட்டே இருக்கு."

ஹரிஹரசுதன் கையெடுத்துக் கும்பிட்டான். நர்ஸையா, ஜாடியில் இருந்த சிறுநீரையா என்று அவனுக்கே தெரியவில்லை.

உள்ளே படுத்திருப்பவள் அவன் மனைவி பானுமதி. லூபஸ் வந்து ஒன்பது வருடம். முதலில் மூட்டுவலி. பிறகு வெயில் பட்டாலே கன்னம் சிவந்து தடித்தது. உடம்பே உடம்பைத் தாக்குகிற அந்த நோய் கடைசியில் சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டு வருடமாக வாரம் மூன்று நாள், ஸ்ரீரங்கத்திலிருந்து தில்லை நகருக்கு டயாலிசிஸ்.

நேற்றுக் காலை மாற்றுச் சிறுநீரகம் வைத்தார்கள். வைத்ததும் அது வேலை செய்யத் தொடங்கும் என்று சொல்லியிருந்தார்கள். தொடங்கவில்லை. பையில் சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் விழுந்தது. சில பேருக்குத் தாமதமாகும், பார்ப்போம் என்றார் டாக்டர். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு இவன் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

இப்போது நானூறு.

முதல் போன் சித்திரை வீதிப் பெரியப்பாவுக்கு. கோயில் கைங்கரியம் தவிர வேறு பேச்சறியாதவர். அவரிடம் இதை எந்த வார்த்தையில் சொல்வது என்று ஒரு கணம் திணறினான். பிறகு பச்சையாகவே சொல்லிவிட்டான்.

அவர் அதை அப்படியே பெரியம்மாவிடம் திருப்பிச் சொன்னார். அவளுக்குக் காது மந்தம். இன்னொரு தடவை, உரக்கச் சொன்னார். வீதி முழுக்கக் கேட்டிருக்கும்.

அடுத்து மாமனார். எவ்வளவு, எவ்வளவு என்று திரும்பத் திரும்பக் கேட்டு அழுதார்.

அம்மாவுக்குக் கடைசியாகத்தான் செய்தான். அவளிடம் குரல் உடையாமல் பேச வேண்டும்.

மருமகளுக்கு இரண்டு வருடமாகத் தண்ணீர் அளந்து கொடுத்தவள் ரங்கநாயகிதான். பானு நாக்கு வறண்டு இன்னும் ஒரு வாய் கேட்பாள். முடியாது என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய், தானும் குடிக்காமல் சுவரைப் பார்த்து நிற்பாள் அம்மா. அவன் பலமுறை பார்த்திருக்கிறான்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். அவன் அளவை மட்டும் சொன்னான்.

மெல்லக் கேட்டாள்.

"இனிமே அவ எத்தனை தீர்த்தம் வேணும்னாலும் குடிக்கலாமோன்னோ?"

குடிக்கலாம் என்ன, நிறையக் குடித்தே ஆக வேண்டும் என்றான். பெரியப்பா வீதிக்கே அறிவித்த கதையையும் சொன்னான்.

அம்மா சிரித்தாள். சின்னப் பெண் மாதிரி, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அவன் கேட்டு எத்தனையோ வருடமாகிறது.

நடுவே யாரோ ஒரு பெண் அவளை அதட்டுவது போனில் கேட்டது.

"சிரிக்காதீங்கம்மா, தையல் இழுக்கும். நேத்துதானே கிட்னிய எடுத்துக் குடுத்திருக்கீங்க."

இரண்டு மாடிக்கு மேலே, அந்தச் சிரிப்பு அடங்குவதாக இல்லை.