ஒலி குறைந்த நாதசுரம்

அத்திப்பட்டில் ஞாயிறு முற்பகல். சன்னல் வெயில் கணினித் திரையில் விழாதபடி துலுக்காணம் ஒரு துண்டைக் கட்டியிருக்கிறார். இருபத்தாறு ஆண்டுகள் மின்நிலையத்தில் டர்பைன் இரைச்சலின் அருகே வேலை செய்தவர். மெல்லிய ஒலிகள் இப்போது அவர் செவிக்கு எட்டுவதில்லை. ஒலித்தரம் சிறிதும் குறையாமல் அவர் சேர்த்த நாதசுரப் பதிவுகள், மனைவி வினோதாவும் கேட்க அவளது பழைய லேப்டாப்பில் ஏற்றினால் அடங்காத அளவுக்குப் பெரியவை. ஆகவே அவற்றைச் சிறிய கோப்புகளாக மாற்றுகிறார். வேறுபாடு தெரியாவிட்டால் மூலப் பதிவுகளை அழித்துவிடலாம் என்பது அவர் எண்ணம். தம் கணினியிலும் இடமில்லை. ஹெட்போன் வினோதாவின் தலையில் இருக்கிறது. மடியில் பாதி உரித்த பூண்டோடு, மூலப் பதிவையும் மாற்றியதையும் கண்களை மூடிக் கேட்கிறாள். “ரெண்டும் ஒண்ணுதானே?” என்கிறார் அவர், உரத்த குரலில். “இன்னாத்துக்குக் கத்துற? எங்காது நல்லாத்தான் கீது,” என்கிறாள். மூலப் பதிவை மீண்டும் ஓடவிடுகிறாள். “இதுல வாசிக்கிறவரு மூச்சு இழுக்குறது கேக்குது. நீ மாத்துனதுல அது இல்ல.” துலுக்காணம் ஹெட்போனை வாங்கித் தம் காதுகளில் அழுத்திக்கொள்கிறார். இரண்டையும் கேட்கிறார். “மூச்சா? எனக்கு ஒண்ணும் கேக்கலியே.” “அப்ப அழிச்சுடு. உனக்குத்தான் கேக்கலியே,” என்று சீண்டுகிறாள். மூலத்தை அழிக்கவா என்னும் கேள்வி திரையில் நிற்கிறது. அவர் ‘வேண்டாம்’ என்பதை அழுத்துகிறார். “உனக்குக் கேக்குதுல்ல? இருந்துட்டுப் போவட்டும்,” என்கிறார். பிறகு நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு, “எப்டி இழுக்குறாரு? காட்டு,” என்கிறார். பூண்டை மடியிலேயே விட்டுவிட்டு, வினோதா தோள்கள் உயர மூச்சை நீளமாக இழுக்கிறாள்.